குடியை நிறுத்த எந்த வழி? மூளையின் நிலையைப் பார்த்து ஓர் ஒப்பீடு

வீட்டில் ஒருவர் குடிக்கு அடிமையாகிவிட்டார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் நாளில் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். கோயிலில் கயிறு கட்டலாம் என்பார் அம்மா. மூன்று மாதம் ஏதாவது ஒரு மையத்தில் சேர்த்தால்தான் சரிப்படும் என்பார் மைத்துனர். சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்று இருக்கிறதாமே என்று விசாரித்து வருவார் மனைவி. "அவனுக்கே மனசு வந்தா ஒரே நாள்ல விட்டுடுவான்" என்று பெரியவர் ஒருவர் பேச்சை முடித்துவைப்பார். செலவு, மானம், கூட யார் தங்குவது, வேலையில் லீவு கிடைக்குமா என்பதையெல்லாம் பார்த்து ஏதோ ஒன்று முடிவாகும். அவருடைய மூளை இன்று எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. வழிகளை ஒப்பிட அதைத்தான் முதல் அளவுகோலாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். மற்ற வீடுகளில் முடிவு டாக்டர் இல்லாமலேயே எடுக்கப்படுகிறது.

மனசு எங்கே இருக்கிறது?

1954-இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இரு ஆய்வாளர்கள் எலியின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினார்கள். நெம்புகோலை அமுக்கினால் குறிப்பிட்ட ஓரிடத்துக்குச் சிறிது மின்சாரம் போகும். எலிகள் அதை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டே இருந்தன. 'இன்ப மையம்' என்ற பேச்சு அதிலிருந்து பரவியது. பின்னால் வந்த ஆய்வுகள் அதைத் திருத்தின. டோபமின் என்ற வேதிப்பொருள் இன்பத்தைத் தருவதைவிட வேட்கையைத்தான் மூட்டுகிறது. இன்பமும் வேட்கையும் மூளையில் ஒன்றல்ல. பழக்கம் முற்ற முற்ற இன்பம் தேய்ந்துகொண்டே போகும், வேட்கை வளர்ந்துகொண்டே போகும். "இப்பல்லாம் குடிச்சா ஒரு சந்தோஷமும் இல்ல, ஆனா குடிக்காம இருக்க முடியல" என்று பல வருடம் குடித்தவர் சொல்வது சாக்கு இல்லை. அவர் மூளையில் நடப்பதை அப்படியே சொல்கிறார்.

அந்த வேட்கைக்குக் கடிவாளம் போட வேண்டியது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை. நாளையை நினைத்து இன்றைய ஆசையைத் தள்ளிப்போடுவது, சொன்ன சொல்லை மனதில் பிடித்து வைத்திருப்பது, இது வேண்டாம் என்று கையை நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. அமெரிக்காவில் நோரா வோல்கோவும் அவருடன் பணியாற்றியவர்களும் எடுத்த மூளைப் படங்கள், பலவகைப் போதைக்கு அடிமையானவர்களிடம் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் குறைந்திருப்பதையும் அதோடு சேர்ந்து முன்மூளையின் இயக்கம் மங்கியிருப்பதையும் காட்டின. வாரன் பிக்கல் போன்றோரின் ஆய்வுகள் இன்னொன்றைக் காட்டின: அடிமைப்பட்டவர்களுக்கு, தள்ளி வரும் பெரிய நன்மை மற்றவர்களுக்குத் தெரிவதைவிட மிகச் சிறியதாகத் தெரிகிறது. பிள்ளையின் படிப்பு, கல்லீரல், அடுத்த வருடம் என்பவை எல்லாம் தூரத்தில் மங்கிவிடுகின்றன. இன்று சாயங்காலம் மட்டும் பக்கத்தில் பளிச்சென்று நிற்கிறது.

2008-இல் அன்னா ரோஸ் சில்ட்ரஸ் குழு வெளியிட்ட ஆய்வை நான் பலமுறை நினைத்துப் பார்க்கிறேன். கோகெய்னுக்கு அடிமையானவர்களுக்கு அதோடு தொடர்புடைய படங்களை வெறும் 33 மில்லி நொடி காட்டினார்கள். பார்த்ததாகவே அவர்களுக்குத் தெரியாத அளவு குறுகிய நேரம். அப்படியும் மூளையின் வேட்கைப் பகுதிகள் விழித்துக்கொண்டன. காலையில் பிள்ளையின் தலையில் கைவைத்துச் செய்த சத்தியம், ஆறு மணிக்கு டாஸ்மாக் இருக்கும் தெருவைக் கடக்கும்போது என்ன ஆகிறது என்பது இதிலிருந்து ஓரளவு புரியும். அவர் யோசிக்கத் தொடங்குமுன்பே மூளை யோசித்து முடித்துவிடுகிறது. காலையில் சொன்னது பொய் இல்லை.

"மனசு வரட்டும்" என்று காத்திருப்பதை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுக்காததற்குக் காரணம் இதுதான். மனசு வர வேண்டிய இடமே நலிந்திருக்கிறது.

வீட்டிலேயே சட்டென்று நிறுத்துவது

செலவில்லாதது, ஊருக்குத் தெரியாதது. சிலருக்கு இதுவே போதும். தினமும் குடிக்காதவர், காலையில் தேவைப்படாதவர், இரண்டு மூன்று நாள் குடிக்காமல் இருந்தபோது தூக்கக் குறைவையும் எரிச்சலையும் தவிர வேறு எதுவும் வராதவர் வீட்டிலிருந்தே நிறுத்திப் பார்க்கலாம்.

காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இது ஆபத்தான வழி. மூளையில் காபா என்ற அமைதிப்படுத்தும் வேதிப்பொருளும் குளூட்டமேட் என்ற கிளர்த்தும் வேதிப்பொருளும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து நிற்கின்றன. மது காபாவின் பக்கம் சேர்ந்துகொண்டு எல்லாவற்றையும் மந்தமாக்கும். வருடக்கணக்கில் இது நடந்தால் மூளை தன் காபா அமைப்பைக் குறைத்து, குளூட்டமேட் அமைப்பைக் கூட்டிச் சமாளிக்கிறது. திடீரென்று மதுவை எடுத்துவிட்டால் கிளர்ச்சி மட்டும் தடையின்றி நிற்கும். கடைசியாகக் குடித்த ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்கு நேரம், இடம் தெரியாத குழப்பம் வரும். இல்லாத பூச்சியைக் கையால் தட்டுவார்கள், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறுவார்கள், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் இந்த நிலை உயிரைப் பறிக்கக்கூடியது. பேய் பிடித்துவிட்டது என்று இந்த நேரத்தில் மந்திரிக்க அழைத்துப் போய்ப் பொன்னான நேரத்தை இழந்துவிடக் கூடாது.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கால் மதுக்கடைகள் ஒரேயடியாக மூடப்பட்டபோது இது ஊரறியத் தெரிந்தது. கேரளத்தில் மது கிடைக்காத நிலையில் தற்கொலைகள் நடந்ததாகச் செய்திகள் வந்தன. டாக்டர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அந்த அரசு ஆணையே போட்டது. மருத்துவர்கள் எதிர்த்தார்கள், ஏப்ரல் 2 அன்று கேரள உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மருத்துவர்களின் எதிர்ப்பு சரியானதே. இந்த நிலைக்கு மருந்து இருக்கிறது, மது மருந்தல்ல.

கோயில் கயிறையும் ஐயப்பனுக்கு மாலை போடுவதையும் ஒரு வரியில் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. வருடம் முழுக்கக் குடித்தவர் மாலை போட்ட 48 நாளும் தொடாமல் இருப்பதை நம் தெருக்களில் பார்க்கிறோம். அந்த நாட்களில் அவருக்கு வேறு கூட்டாளிகள், காலையும் மாலையும் குளியல், பூஜை, கூப்பிடும் பெயரே 'சாமி', குடிக்கும் நண்பர்கள்கூட ஊற்றிக்கொடுக்க அஞ்சும் மரியாதை. வேட்கையைத் தூண்டும் இடமும் ஆளும் நேரமும் மொத்தமாக மாறிவிடுகின்றன. நலிந்த முன்மூளை தனியாகச் செய்ய முடியாததை ஓர் ஊரே சேர்ந்து செய்கிறது. மாலையைக் கழற்றிய அன்று அந்தத் தாங்கல் முழுவதும் ஒரே நாளில் விலகுவதால்தான் பலர் அன்று சாயங்காலமே பழைய இடத்துக்குப் போகிறார்கள்.

ஆக, விரதத்தை நம்பும் வீடு அதை விட வேண்டியதில்லை. இரண்டை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் குடிப்பவராக இருந்தால் மாலை போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்த்து மருந்தோடு நிறுத்த வேண்டும். மாலை கழற்றும் நாளுக்கு முன்பே அதற்கு அடுத்த வாரத்து ஓபி தேதியை வாங்கி வைத்துவிட வேண்டும். இன்னொன்று: சட்டென்று நிறுத்துவது, திரும்பக் குடிப்பது, மறுபடி நிறுத்துவது என்று நடந்தால் ஒவ்வொரு முறையும் நடுக்கமும் ஃபிட்ஸும் முன்பைவிடக் கடுமையாகலாம். போன வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருடத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

மருத்துவமனையில் முதல் வாரம்

முன்பு ஃபிட்ஸ் வந்தவர், குழப்பம் வந்தவர், வயதானவர், கல்லீரல் அல்லது இதய நோய் உள்ளவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர் ஆகியோருக்கு வார்டுதான் சரி. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இது கட்டணமின்றிக் கிடைக்கும். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் உண்டு. 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. எங்கே போவது என்று தெரியாதவர்கள் மத்திய அரசின் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

வார்டில் கொடுக்கும் டயஸெபம், குளோர்டயஸெபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் லோராஸெபம் போன்றவை மது விட்டுப்போன இடத்தில் நின்று காபாவைத் தாங்குகின்றன. அளவைத் தினமும் குறைத்துக்கொண்டே வந்து சில நாட்களில் நிறுத்துவார்கள். இவற்றைக் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. இவையே இன்னொரு பழக்கமாகிவிடும்.

தயமின் எனப்படும் வைட்டமின் பி1 பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாப்பிடாமல் குடிப்பவர்களின் உடலில் அது வறண்டுபோயிருக்கும். நடை தள்ளாடுவது, கண் அசைவு மாறுவது, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். போதை இன்னும் இறங்கவில்லை என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். 1881-இல் கார்ல் வெர்னிக்கி விவரித்த இந்த நிலையை உடனே கவனிக்காவிட்டால், செர்கேய் கோர்சகோஃப் பெயரில் அறியப்படும் நிரந்தர மறதி நோயாக முற்றலாம். காலையில் நடந்தது மதியம் நினைவிருக்காது, இடைவெளியை இல்லாத கதையால் நிரப்புவார்கள். சோர்ந்து கிடக்கும் குடிகாரரைப் பக்கத்து கிளினிக்குக்குக் கொண்டுபோய் குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊர்களில் சாதாரணம். தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் மிச்சமிருக்கும் தயமினும் செலவாகி இந்த நிலை தூண்டப்படலாம். "தினமும் குடிப்பவர், பி1 ஊசி போட்டுவிட்டு குளுக்கோஸ் போடுங்கள்" என்று கூடப்போகிறவர் வாய்விட்டுச் சொல்லலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

இவ்வளவும் செய்தாலும் இந்த ஒரு வாரம் சிகிச்சையின் தொடக்கம் மட்டுமே. உடல் தெளிந்ததும் குணமாகிவிட்டார் என்று அழைத்துவந்து அதோடு விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தோல்வி.

மூன்று மாத மையமா, வீட்டிலிருந்து மாத்திரையா?

உண்மையான தேர்வு இங்கேதான் வருகிறது. பெரும்பாலான வீடுகள் மையத்தைத் தேர்ந்தெடுக்கும். கண்ணில் படாமல் இருந்தால் குடிக்க மாட்டார், வீட்டாரும் கொஞ்சம் மூச்சுவிடலாம். அந்த மூச்சுவிடும் இடைவெளியின் மதிப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன், அடி வாங்கிய மனைவிக்கும் பயந்து வளரும் பிள்ளைக்கும் அது தேவை. மூளையும் அந்த நேரத்தில் தேறும். குடிக்காத முதல் சில வாரங்களிலேயே சுருங்கிய மூளைத் திசு ஓரளவு மீள்வதும், கவனமும் நினைவும் மெல்லத் தெளிவதும் படங்களிலும் சோதனைகளிலும் தெரிகின்றன. தூக்கம் சீராகத்தான் பல மாதமாகும்.

ஆனால் வேட்கை இடத்தோடு ஒட்டிக்கொண்டது. வியட்நாம் போரில் ஹெராயினுக்கு அடிமையாகி நாடு திரும்பிய அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் 1970-களில் ஆராய்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் ஏறக்குறைய 5 சதவீதம்தான் என்ற முடிவு பலரை வியக்கவைத்தது. அவர்கள் பழகிய இடத்தை விட்டு வேறு உலகத்துக்கு வந்துவிட்டார்கள். மையத்திலிருந்து வரும் நம்மவருக்கு நடப்பது இதற்கு நேர்மாறு. வேறு உலகத்தில் தேறிவிட்டு, பழகிய அதே தெருவுக்கு, அதே சம்பள நாளுக்கு, அதே நண்பர்களிடம் திரும்புகிறார். மையத்தின் சுவருக்குள் அடங்கியிருந்த வேட்கை தெருமுனையில் அடங்கியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதை எதிர்கொள்ளும் பயிற்சி அந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும்.

அதனால் வெளிநோயாளியாக மருந்தும் ஆலோசனையும் தொடர்வதையே பெரும்பாலானவர்களுக்கு முதல் தேர்வாகச் சொல்வேன். மருந்துகளில் நால்ட்ரெக்ஸோன், குடிக்கும்போது மூளையில் சுரக்கும் இயற்கை அபின் போன்ற பொருள்களின் ஏற்பியை மூடிவிடுகிறது. குடித்தாலும் பழைய சுகம் குறைவு, ஒன்றில் தொடங்கினால் நிறுத்த முடியாத இழுப்பும் குறைகிறது. அபின் வகை வலி மருந்து எடுப்பவருக்கு இதைக் கொடுக்கக் கூடாது, கல்லீரல் சோதனை வேண்டும். அகாம்ப்ரோசேட், கலைந்துபோன குளூட்டமேட் சமநிலையைச் சீர்செய்ய உதவுவதாகக் கருதப்படுகிறது. ஏற்கெனவே நிறுத்தியவர் நிறுத்தியபடியே இருக்க உதவுகிறது. கல்லீரலுக்குச் சுமையில்லை, சிறுநீரகம் நன்றாக இருக்க வேண்டும், நாளைக்கு மூன்று வேளை போட வேண்டும் என்பதுதான் சிரமம். கல்லீரல் மிகவும் கெட்டவர்களுக்குச் சில டாக்டர்கள் பேக்லோஃபென் எழுதுகிறார்கள். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 1,383 பேரை வெவ்வேறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தபோது, நால்ட்ரெக்ஸோனும் டாக்டரின் ஒழுங்கான தொடர் சந்திப்பும் சேர்ந்தே நல்ல பலன் தந்தன. அகாம்ப்ரோசேட்டுக்கு அந்த ஆய்வில் பலன் தெரியவில்லை, ஐரோப்பிய ஆய்வுகளில் தெரிந்தது. ஆலோசகர் கிடைக்காத ஊர்களில்கூட ஓபி மருந்தால் பயனுண்டு என்று நான் நம்புவதற்கு அந்த நால்ட்ரெக்ஸோன் முடிவு ஒரு காரணம்.

அதோடு, தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரே சில ஏற்பாடுகளைச் செய்துவைக்க வேண்டும். சம்பளம் நேராக மனைவி கணக்குக்குப் போவது, வேலை முடிந்து வேறு வழியாக வருவது, சனிக்கிழமை மாலைக்கு முன்பே ஒரு வேலையை ஒப்புக்கொள்வது போன்றவை. அவர் சம்மதத்தோடு செய்தால்தான் இவை நிற்கும். சாயங்காலத்து மூளையை நம்பாமல் காலை மூளை எடுக்கும் முடிவுகள் இவை.

மையம் யாருக்கு என்றால், ஓபியில் முயன்று திரும்பத் திரும்பச் சறுக்கியவருக்கு, வீட்டிலேயே மற்றவர்களும் குடிக்கும் சூழலில் இருப்பவருக்கு, வீட்டில் வன்முறை இருக்கும்போது, தீவிர மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சேர்ந்திருந்தால் மனநல மருத்துவர் இருக்கும் இடத்துக்கு. 1980-இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை போன்ற இடங்கள் குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தன. ஒரு மையத்தை எடைபோட நான் பார்ப்பது அதைத்தான். மனைவியையும் பெற்றோரையும் அழைத்துப் பேசுகிறார்களா, வீடு திரும்பிய பிறகு யார் தொடர்ந்து பார்ப்பார்கள், முதல் வாரத்தில் டாக்டர் இரவிலும் இருக்கிறாரா, மாநில மனநல ஆணையத்தில் பதிவு இருக்கிறதா. முதல் நாளிலிருந்தே வகுப்பு எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொன்னால் நான் தயங்குவேன். மூளை தெளியாத அந்த நாட்களில் சொன்னது எதுவும் தங்காது.

அடித்துத் திருத்தும் இடங்கள், ஆளை வண்டியில் தூக்கிப் போகும் இடங்கள் வேண்டவே வேண்டாம். 2017 மனநலச் சட்டம் மது, போதை சார்ந்த நிலைகளையும் உள்ளடக்கியது. சங்கிலியால் கட்டுவதை அது தடை செய்கிறது. சம்மதிக்கும் நிலையில் உள்ளவரை அவர் விருப்பத்தின் பேரில்தான் சேர்க்க வேண்டும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்த மாநிலம் நம்முடையது. பயமும் வலியும் மன அழுத்தத்தைத்தான் கூட்டும், மன அழுத்தம் வேட்கையைத் தூண்டும் பெரிய காரணங்களில் ஒன்று.

தெரியாமல் கலக்கும் பொடி

இதைப் பரிசீலிக்கவே வேண்டாம். விளம்பரப் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடித்துக் கலப்பவர்களும் உண்டு. அது மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சை உடலிலிருந்து அகற்றும் நொதியைத் தடுத்துவிடுகிறது. அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். 1940-களின் இறுதியில் டென்மார்க்கில் கண்டறிந்த இந்த மருந்து, எல்லாம் தெரிந்து சம்மதித்து, மனைவி முன்னிலையில் தினமும் போட்டுக்கொள்பவருக்கு உண்மையிலேயே உதவுகிறது. சாயங்காலம் தடுமாறும் ஒருவர் காலையிலேயே கதவைப் பூட்டிக்கொள்வது மாதிரி. தெரியாமல் கொடுத்தால் அந்தப் பயன் ஒன்றும் இல்லை, ஆபத்து மட்டும் முழுதாக இருக்கும். மாத்திரையை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை இதன் விளைவு நீடிக்கும்.

ஏ.ஏ. கூட்டம்

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூடுகிறது. கட்டணமில்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை. பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் இந்த வழி மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறைந்ததில்லை, சிலவற்றைவிட மேல் என்றது. மாலை போட்ட 48 நாள் தந்த தாங்கலை வருடம் முழுவதும் தரக்கூடியது என்று எனக்குத் தோன்றுவது இதுதான். மருந்தோடு சேர்த்துப் போகலாம். நடுக்கம் இருக்கும் முதல் வாரத்தில் இதை மட்டும் நம்பக் கூடாது. குடும்பத்தினருக்குத் தனியாக அல்-அனான் கூட்டங்கள் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

ஆறு மாதம் நன்றாக இருந்தவர் ஒரு கல்யாண வீட்டில் குடித்துவிட்டால் மறுபடி மையத்தில் போடலாமா என்று கேட்பார்கள். முதலில் எத்தனை நாள் குடித்தார் என்று பாருங்கள். ஓரிரு நாள் என்றால் அதே ஓபிக்கு மறுநாளே போய் உள்ளதைச் சொல்லி, எந்த மாத்திரை எப்போது விட்டுப்போனது என்றும் சொன்னால் போதும், மருந்தை மாற்றுவதா தொடர்வதா என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். தினமும் குடிக்கத் தொடங்கி சில வாரம் ஆகியிருந்தால் வீட்டில் பூட்டி வைக்காமல் மறுபடி வார்டில் முதல் வாரத்திலிருந்து தொடங்குங்கள். டைசல்ஃபிராம் போட்டுக்கொண்டிருந்த நிலையில் குடித்திருந்தால் எதற்கும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.